ஆப்ஷன் டிரேடிங்: நான் இழந்ததும், மற்றவர்கள் இழப்பில் நான் சம்பாதித்ததும்

ஆப்ஷன் டிரேடிங்கில், அதாவது ஒரு பங்கோ குறியீடோ குறித்த நாளுக்குள் ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்களை வாங்கி விற்பதில், பணம் விட்ட கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் விட்டேன், பதினெட்டு மாதத்தில் 6,40,000 ரூபாய். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. அதே காலத்தில் என்னை நம்பி வந்த ஐந்து பேர் டிரேட் செய்ததால் என் கணக்கில் 1,12,400 ரூபாய் கமிஷன் ஏறியது. அந்த ஐந்து பேரும் சேர்ந்து இழந்தது ஏறக்குறைய 14 லட்சம். என் இழப்பை என்னால் யாரிடமும் சொல்லி அழ முடிந்தது. இந்தக் கமிஷனைப் பற்றி ரொம்ப நாள் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. யாராவது முன்கூட்டியே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியாது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

2023 பிப்ரவரியில் தொடங்கினேன். நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். அதுவரை மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கொஞ்சம் போட்டு வந்ததோடு சரி. உடன் வேலை செய்த ஒருவர் மதிய இடைவேளையில் செல்பேசியில் காட்டிக் கற்றுக்கொடுத்தார். முதல் டிரேட் இன்னும் நினைவில் இருக்கிறது. நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு ஏறினால் மதிப்புக் கூடும் கால் ஆப்ஷன் ஒரு லாட், அதாவது ஒரு தொகுப்பு, அப்போது ஒரு லாட்டுக்கு 50. ஆப்ஷனின் விலையான பிரீமியம் 40 ரூபாய், ஆக 2,000 ரூபாய் போட்டேன். நாற்பது நிமிடத்தில் பிரீமியம் 110 ஆனது, விற்றேன், 3,500 ரூபாய் லாபம். என் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். அன்று மாலை வீடு திரும்பும்போது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் பூட்டிக் கிடந்த ஒரு கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஒரு ஆய்வை வெளியிட்டிருந்தது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கும் தனிநபர்களில் 89 சதவீதம் பேர் 2021-22 நிதியாண்டில் நஷ்டப்பட்டார்கள் என்பது அதன் சாரம். அந்தச் செய்தியை நான் படித்திருந்தேன். 2023 ஜூலையிலிருந்து தரகுச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் அந்த எச்சரிக்கை திரையில் வரும், பத்தில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்று. நான் தினமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனேன். மீதி 11 சதவீதத்தில் நான் இருப்பேன் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அந்த 89 பேரும் என்னைப் போலவே நினைத்துத்தான் வந்திருப்பார்கள் என்பது உறைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

அந்த 3,500 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்தால், அந்த நிறுவனம் பொருள் செய்து விற்று வளரும்போது பங்கின் மதிப்பும் வளரும். விற்றவரும் வாங்கியவரும் இருவருமே காலப்போக்கில் நன்றாக இருக்க வழியுண்டு. ஆப்ஷன் ஒப்பந்தத்தில் அந்த வளர்ச்சி கிடையாது. அது இரண்டு பேருக்கு இடையே போடப்படும் ஒப்பந்தம். ஒருவர் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் மற்றவர் கையிலிருந்து போகிற ரூபாய். கையில் உள்ள பங்குகள் விழுந்தால் காப்பாற்றிக்கொள்ள, விலை இறங்கினால் மதிப்புக் கூடும் புட் ஆப்ஷனை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி, பணம் போனாலும் அவர்கள் கேட்டது கிடைத்துவிடும். நான் அப்படி எதையும் காப்பாற்றிக்கொள்ள வாங்கவில்லை. வியாழக்கிழமை எக்ஸ்பைரிக்குள், அதாவது ஒப்பந்தம் காலாவதியாவதற்குள், நிஃப்டி ஏறும் என்று பந்தயம் கட்டினேன். என் லாபம் முகம் தெரியாத ஒருவரின் நஷ்டம். முகம் தெரியாததால் அது எனக்கு நஷ்டமாகவே தெரியவில்லை.

இரண்டு பக்கத்தின் கணக்கும் சமமாக முடிந்தால்கூடப் பரவாயில்லை, நடுவில் கட்டணம் போகிறது. என் தரகர் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கினார். வாங்க ஒன்று, விற்க ஒன்று, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை. 2,000 ரூபாய்க்கு வாங்கி 2,150க்கு விற்றால் திரையில் 150 ரூபாய் லாபம் பச்சை நிறத்தில் தெரியும். அதில் ஏறக்குறைய 50 ரூபாய் கட்டணமாகப் போயிருக்கும். நஷ்டத்தில் விற்றாலும் அதே 50. நான் முதல் ஏழு மாதமும் செயலியின் முகப்பில் காட்டும் தொகையைத்தான் பார்த்தேன். கட்டணம் கழித்த நிகரத் தொகை வேறொரு அறிக்கையில் இருக்கும், தேடி எடுக்க வேண்டும். நீங்கள் இப்போது டிரேட் செய்துகொண்டிருந்தால் இதை மூடிவிட்டு முதலில் அந்த அறிக்கையைத் தொடங்கிய நாளிலிருந்து இறக்கிப் பாருங்கள். என் 6,40,000 ரூபாயில் கட்டணமே 1,30,000 ரூபாய்க்கு மேல்.

ஆரம்பத்தில் லாபம் வந்த நாட்களை எல்லாரிடமும் சொன்னேன். நஷ்ட நாட்களைச் சொல்லவில்லை. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, கேட்டவர்கள் லாபத்தைத்தானே கேட்டார்கள். சித்தி மகன், என்னைவிட எட்டு வயது சின்னவன், ஒரு நாள் போன் செய்து, "அக்கா, எனக்கும் கத்துக்குடுக்கா, சம்பளம் பத்தல" என்றான். பழைய அலுவலகத் தோழிகள் இரண்டு பேர், அதில் ஒருத்தியின் கணவர், அப்புறம் கல்லூரியில் உடன் படித்தவர் ஒருவர். 2023 ஜூலையில் ஐந்து பேரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தினமும் காலையில் எந்த ஸ்டிரைக்கில் (ஒப்பந்தத்தில் குறித்த அளவில்) வாங்கலாம், எங்கே ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் விலை) வைக்கலாம் என்று போடுவேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்தான் அடுத்த படியையும் சொன்னார். "எப்படியும் இவங்க டிரேட் பண்ணத்தான் போறாங்க, உங்களுக்குக் கீழ அக்கவுண்ட் திறக்க வெச்சா புரோக்கரேஜ்ல பங்கு வரும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உழைக்கிறோம், நேரம் செலவழிக்கிறோம், கொஞ்சம் வந்தால் என்ன? ஆகஸ்டில் ஒரு தரகு நிறுவனத்தின் ஆத்தரைஸ்டு பெர்சனாக, பழைய பேச்சில் சப் புரோக்கராக, முறைப்படி பதிவு செய்துகொண்டேன். ஆர்டருக்கு 20 ரூபாயில் 8 ரூபாய் எனக்கு.

முகவராகப் பதிவு செய்தது சட்டப்படி சரிதான். ஆனால் எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று பணம் பெற்றுக்கொண்டு பரிந்துரைக்க, செபியில் ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ தனியாகப் பதிவு வேண்டும். எனக்கு அது இல்லை. அப்படி ஒன்று தேவை என்பதே அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் தவறு குறைந்துவிடாது. உங்களுக்கு யாராவது டிப்ஸ் கொடுத்தால் அவர் பெயர் செபி இணையதளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் பாருங்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் நேராகக் கேட்டுவிடுங்கள்: நான் டிரேட் செய்தால் உங்களுக்கு ஏதாவது வருமா? என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. கணக்குத் திறக்கும் படிவத்தில் என் குறியீட்டு எண் இருந்தது, அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. மறைத்தது நான்தான்.

2023 இறுதிவரை ஏற்ற இறக்கமாகப் போனது. அதன்பிறகு நான் தொடர்ந்து இழக்க ஆரம்பித்தேன். போனதை எடுக்க வேண்டும் என்று லாட் எண்ணிக்கையைக் கூட்டினேன். எக்ஸ்பைரி நாளில் ஐந்து ரூபாய், மூன்று ரூபாய் பிரீமியத்தில் வாங்கி ஒரே தூக்காகத் தூக்குமா என்று காத்திருப்பதை எங்களுக்குள் ஹீரோ ஜீரோ என்போம். எத்தனை வாரம் அது ஜீரோவில் முடிந்தது என்று எண்ணவில்லை. நிலையான வைப்புநிதி ஒன்றை உடைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. இரவில் அவர் தூங்கியபின் அமெரிக்கச் சந்தை எப்படிப் போகிறது என்று போர்வைக்குள் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சொன்னால் காதில் விழும், மனதில் ஏறாது. அந்த ஒன்றரை வருடத்தில் அவள் என்ன பாடம் படித்தாள், யாருடன் சண்டை போட்டாள் என்று இப்போது யோசித்தால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பணத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

அப்புறம் 2024 ஜூன். நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஒன்றாம் தேதி மாலை எக்ஸிட் போல் வந்தது. மூன்றாம் தேதி திங்கள்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. குழுவில் ஒரே உற்சாகம். நான் கால் வாங்கச் சொன்னேன், நானும் வாங்கினேன். எல்லாரும் பெரிய நகர்வை எதிர்பார்த்ததால் பிரீமியம் வழக்கத்தைவிடக் கடுமையாக ஏறியிருந்தது. அதைப் பார்த்தும் வாங்கினோம். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி ஒரே நாளில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்தது. காலை பத்தரைக்குள் என்னுடைய 1,45,000 ரூபாய் போய்விட்டது. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. தம்பி மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்: "அக்கா, இன்னும் ஏதாவது பண்ணி எடுக்க முடியுமா?" நான் புட் வாங்கச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே கை நடுங்கியது.

அந்த மாதம் முழுவதும் எல்லாரும் பைத்தியம் பிடித்த மாதிரி டிரேட் செய்தோம். வழக்கமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் போடுகிறவர்கள் இருபதுக்கு மேல் போட்டார்கள். ஜூலை முதல் வாரம் எனக்குக் கமிஷன் விவரம் வந்தது, 16,800 ரூபாய். அதுவரை வந்ததிலேயே அதுதான் அதிகம். அந்தத் தொகையைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. என் நஷ்டத்தில் கொஞ்சமாவது ஈடாகிறதே என்ற நிம்மதி. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கே தம்பி போன் செய்தான். ஒரு கடன் செயலியிலும் வங்கியிலுமாக 2,30,000 ரூபாய் கடன் வாங்கிப் போட்டிருக்கிறான், வீட்டில் தெரியாது, மாதத் தவணை கட்ட வழியில்லை என்று அழுதான். போனை வைத்துவிட்டு முகவர் கணக்கின் பேக் ஆபீஸைத் திறந்து ஒவ்வொருவர் பெயராகப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் எனக்கு வந்த தொகை இருக்கும் பத்தியை மட்டும்தான். பக்கத்துப் பத்தியில் அவர்களுடைய லாப நஷ்டம் இருந்தது. ஜூனில் ஐந்து பேருக்கும் சேர்த்து 4,60,000 ரூபாய் நஷ்டம்.

மாதவாரியாக ஒரு தாளில் எழுதினேன். எந்த மாதத்தில் அவர்கள் அதிகம் இழந்தார்களோ அந்த மாதத்தில் எனக்கு அதிகம் வந்திருக்கிறது. காரணம் எளிது. லாபம் வந்தால் மனிதன் கொஞ்சம் நிறுத்துகிறான், இழந்தால் திரும்பத் திரும்பப் போடுகிறான். ஆர்டர் கூடினால் என் எட்டு ரூபாயும் கூடுகிறது. நான் அவர்கள் இழக்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் நான் நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த ஏற்பாடு அப்படித்தான் அமைந்திருந்தது. பன்னிரண்டு மாதத்தில் அவர்கள் போட்டது 14,050 ஆர்டர். தரகும் அதன்மேல் ஜிஎஸ்டியும் மட்டும் 3,31,000 ரூபாய்க்கு மேல். அவர்கள் இழந்த 14 லட்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, சந்தை எந்தப் பக்கம் போயிருந்தாலும் போயிருக்கும்.

செப்டம்பர் 23 அன்று செபியின் அடுத்த ஆய்வு வந்தபோது நான் நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கட்டணங்களையும் சேர்த்து மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கட்டணம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரே ஒரு சதவீதம். எதிர்ப்பக்கத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதையும் அதில் போட்டிருந்தார்கள். 2023-24இல் மட்டும், கட்டணம் கழிக்கும் முன், சொந்தப் பணத்தில் டிரேட் செய்யும் நிறுவனங்களுக்குச் சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குச் சுமார் 28,000 கோடி. அந்த லாபத்தில் பெரும்பகுதி அல்கோ டிரேடிங்கில், அதாவது கணினி நிரல் தானாக வாங்கி விற்கும் முறையில் வந்தது. மதிய இடைவேளையில் செல்பேசியோடு உட்கார்ந்திருந்த நான் யாருக்கு எதிராக விளையாடினேன் என்று அப்போதுதான் புரிந்தது. நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் தொடர்ந்து டிரேட் செய்தார்கள் என்றும் அதில் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது தம்பியின் நினைவுதான் வந்தது.

ஜெயிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விதி தெரிந்த இரண்டு பேர், இழந்தாலும் தாங்கக்கூடிய பணத்தோடு எதிரெதிரே உட்கார்ந்தால், ஒருவர் ஜெயிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பெரிய நிறுவனங்களைக்கூட நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் என்னை வா என்று கூப்பிடவில்லை. தம்பியைக் கூப்பிட்டது நான். அவனுக்கு விளையாட்டு தெரியாது என்பதும் எனக்குத் தெரியும், எனக்கே சரியாகத் தெரியாது என்பதும் அப்போது உள்ளுக்குள் தெரியும். அவன் ஒவ்வொரு முறை காசு போடும்போதும் எனக்கு ஒரு பங்கு வந்தது. என்னைப் பொறுத்தவரை தவறு அங்கேதான் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் முதல் வாரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நஷ்டத்தைக் கேட்டு அதிர்ந்தார், ஆனால் கோபப்பட்டது கமிஷனைக் கேட்டுத்தான். "அவங்க கிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் முகவர் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தேன். என் கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவையே முடக்கினேன், பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. மனவுறுதியை மட்டும் நம்பாதீர்கள், கைக்கு எட்டாமல் செய்துவிடுங்கள். குழுவில் நான்கு பத்தி எழுதி, யார் மூலம் எனக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பெயர்வாரியாகப் போட்டேன். வந்த கமிஷன் முழுவதையும் அதே கணக்கில் அவரவருக்கு அனுப்பினேன். ஒரு தோழி உடனே திருப்பி அனுப்பி, "நானும் பெரியவதான், நீ என்ன கையைப் பிடிச்சா போட வெச்ச" என்று எழுதினாள். அவள் கணவர் பணத்தை எடுத்துக்கொண்டு அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் செய்ததும் சரிதான் என்று எனக்குப் படுகிறது. நான் கொடுத்தது என் பங்கை மட்டும், அவர்கள் இழந்ததை இல்லை.

வரி விஷயத்தில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கு உதவும். எஃப் அண்ட் ஓ லாப நஷ்டம் வணிக வருமானக் கணக்கில் வரும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவம் போதாது, ஐடிஆர்-3 போட வேண்டும். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள்வரை வணிக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலையில் செயலியையும் அறிக்கையையும் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது, ஜூலை 31ஐத் தவறவிட்டேன். அக்டோபரில் 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்தபோது, அந்த ஆண்டின் நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்லும் உரிமை போயிருந்தது. நஷ்டம்தானே, இதை எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்த ஆடிட்டர் ஒருவரை ஜூன் மாதமே பாருங்கள்.

கடன் விஷயத்தில் ஒன்றைத் தாமதிக்காமல் செய்தோம். தம்பியை அழைத்துப்போய்ச் சித்தியிடம் சொல்லவைத்தேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்கையும் சொன்னேன். சித்தி என்னைத் திட்டவில்லை. "உன்ன நம்பித்தானடி விட்டேன்" என்றார், அவ்வளவுதான். செயலிக் கடனின் வட்டி ஏறிக்கொண்டே இருந்ததால், நகையை வங்கியில் வைத்து அதை முதலில் அடைத்தோம். மறைத்து வைத்த ஒவ்வொரு மாதமும் வட்டியாகப் போயிருக்கிறது, ஆகவே யாராக இருந்தாலும் வீட்டில் சொல்வதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வங்கிக் கடனின் தவணையில் பாதியை அன்றிலிருந்து நான் கட்டி வருகிறேன். அவன் வேண்டாம் என்றான், பிறகு சம்மதித்தான். மாதம் ஐந்தாம் தேதி பணம் அனுப்பியதும் "வந்துடுச்சுக்கா" என்று பதில் போடுவான். முன்பு போல வேறு எதுவும் பேசுவதில்லை.